வெறும் வண்டி எடை

மார்கழி கடைசி வாரம், இரவு பதினொன்றரை.
வெள்ளரிப்பட்டி பக்கம், மேலூர் ரோட்டில்
வீரணன் எடைமேடைக்கு முன்னால்
செங்கரும்பு லாரிகள் ஏழு.
பழைய கணினி நேற்றுச் செத்தது.
புதியதில் டெபியன் ஏற்றியவள் நான்தான் என்பது
எப்படியோ ஏழு டிரைவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.
ஹாரன் என் பக்கமாகவே அடிக்கிறது.

எடைக்கருவிக் கம்பெனி அனுப்பிய கோப்பு
ஆர்பிஎம்.
என் மிஷினில் இறங்குவது டெப்.
உள்ளிருப்பது ஒரே சரக்கு,
கட்டிய கயிறு வேறு, முடிச்சு வேறு.
ஏலியன் என்றொரு கட்டளை
ஒரு மூட்டையை அவிழ்த்து இன்னொன்றாய்க் கட்டித் தரும்.
தந்தது.
வாங்கி வைத்த கையோடு மிஷின் கேட்டது:
இன்ன நூலகம் எங்கே?
கொண்டுவந்தேன். அது தன் பங்காளியைக் கேட்டது.
பங்காளி வந்தான். அவனுக்கு
மூன்று வருஷத்துக்கு முந்தைய மச்சான்தான் வேண்டுமாம்,
இப்போதிருக்கிற மச்சான் ஆகாதாம்.
தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த மாட்டோம் என்று
பந்தலில் நிற்கிற வீட்டார் மாதிரி
கறுப்புத் திரையில் வரிசையாய் நின்றார்கள்.
ஒவ்வொருவராய்ச் சமாதானம் செய்து
நிரலைத் திறந்தபோது மணி பன்னிரண்டு.
எடை: பூஜ்யம்.

"நான் கையால எழுதித் தரட்டா?" என்றாள் நாகஜோதி.
கமிஷன் கடையில் கைச்சீட்டு செல்லாது.

அடுத்து பிளாட்பேக்.
யார் தயவும் வேண்டாம் என்று
அடுப்பு, அரிசி, அம்மி, ஆணி வரை
தானே சுமந்து வருகிற வகை.
செல்போன் சிக்னலை யானைமலை பாதி மறைக்க,
எண்ணூறு எம்பி
எறும்பு போல் ஊர்ந்து வந்தது.
வீரணன் எட்டிப் பார்த்தார்.
"இதுல சரக்கு எவ்வளவும்மா?"
"நாலு எம்பிண்ணே."
"மீதி?"
"வண்டி எடை."
இருபது வருஷமாய்க் கழித்துக் கழித்துப் பழகியவர்,
சிரித்துவிட்டார்.
"அப்ப வெறும் லாரிய ஓட்டிட்டு வர்றான்."

இறங்கியது. அழகான ஜன்னல், பெரிய எழுத்து.
பூஜ்யம்.
ஆப்இமேஜ், நிறுவவே வேண்டாம், ஒரு அனுமதி தந்தால் ஓடும்.
ஓடியது.
பூஜ்யம்.

அப்போது சூசைமாணிக்கம், முதல் லாரிக்காரர்,
கரும்பைக் கடித்தபடி ஜன்னலில் தலை நீட்டி
"பெட்டியில நம்பர் செவப்பா எரியுதே" என்றார்.
எரிந்துகொண்டுதான் இருந்தது,
நாள் முழுக்க.
பதினோராயிரத்து நானூற்று இருபது என்று
கருவி கத்திக்கொண்டே இருக்கிறது.
மூன்று மூட்டை, மூன்றிலும் ஒரே பூஜ்யம்.
அப்படியென்றால் குற்றம் மூட்டையில் இல்லை.

கம்பி வந்து சேரும் வாசலைப் போய்ப் பார்த்தேன்.
அங்கே நுழைய உரிமை உள்ள குழுவின் பெயர் டயல்அவுட்,
தொலைபேசி மோடம் காலத்துப் பெயர்.
அந்தப் பட்டியலில் நாகஜோதி இல்லை.
ஒரே வரி அடித்தேன்.
"ஒரு தடவை வெளிய போயிட்டு உள்ள வா" என்றேன்.
நிஜமாகவே எழுந்து வாசல் வரை போனாள்.
கணக்கிலிருந்து, என்று சொன்னபின்
இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஹாரன் கேட்கவில்லை.

முதலில் கட்டிய அந்த டெப்பையே திறந்தாள்.
பதினோராயிரத்து நானூற்று இருபது.

ஏழாவது லாரி போனதும்
வீரணன் என் மொபட்டை மேடையில் ஏறச் சொன்னார்.
மொத்தம்: நூற்று ஐம்பது.
வெறும் வண்டி: கோடு.
"இறங்குங்க, வண்டிய மட்டும் போட்டுப் பாக்குறேன்"
என்றாள் நாகஜோதி.
அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்றேன்.
காலிடுக்கில் சூசைமாணிக்கம் செருகிய கரும்பு ஒன்று
கணக்கில் வரவில்லை.

உத்தங்குடி தாண்டும்போது நினைவு வந்தது:
எண்ணூறு எம்பி,
இன்னும் அங்கேயே கிடக்கிறது.